பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்க்கலாமா?

கேள்வி: வீட்டு முகப்பு விளக்குகளுக்கு 12 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று மூன்று வருடமாக இருக்கிறது. புதிதாக ஒன்று வாங்கி அதோடு இணைக்கலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: வேண்டாம் ஆச்சி. பழையதில் சார்ஜ் இறங்கி, புதியது நிறைந்திருந்தால், பிளஸ்ஸோடு பிளஸ்ஸைத் தொட்ட நொடியே ஒன்றிலிருந்து மற்றதற்குக் கட்டுக்கடங்காமல் கரண்ட் பாயும், ஒயர் முனையில் பொறி பறக்கும், உறை உருகவும் செய்யும். இரண்டு வேண்டுமென்றால் ஒரே கம்பெனி, ஒரே அளவில் சேர்ந்தாற்போல் வாங்கி, தனித்தனியே முழுதாகச் சார்ஜ் ஏற்றி, மீட்டரில் வோல்ட் ஒன்றுபோல் இருந்தால் மட்டும் இணையுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஃப்யூஸ் வைத்து.

அப்புறம் சார்ஜர். அட்டையில் 12 வோல்ட் என்றிருந்தாலும் உள்ளே மூன்று செல் (சின்னச் சின்ன பேட்டரி) கோத்த லித்தியம் அயான் வகை 12.6 வோல்ட்டிலேயே நிறைந்துவிடும், நான்கு செல் கோத்த லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைக்கு 14.6 வோல்ட் வேண்டும். இரண்டாவதன் சார்ஜரை முதலாவதில் செருகிவிடாதீர்கள், தீப்பிடிக்கலாம்.