வீட்டுக் குழியில் பானையோடு: தெரிவித்தால் நிலம் போய்விடுமா?

கேள்வி: மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறை வடக்கில், பெனாகாவுக்கு அருகிலுள்ள ஒரு கம்பத்தில் (கிராமத்தில்), என் தந்தை விட்டுச் சென்ற நிலத்தில் நாங்கள் குடியிருக்க இரண்டு மாடி வீடு கட்டுகிறோம். மண் தோண்டும்போது தொல்லியலாளர் ஒருவர் உரிமையாளர் செலவில் உடனிருக்க வேண்டும் என்பது நான்கு மாதங்களுக்கு முன் கிடைத்த திட்ட அனுமதியின் நிபந்தனை. அவர் வராத ஒரு நாளில், கழிவுநீர்த் தொட்டிக்குத் தோண்டிய குழியில் சிப்பி அடுக்கும் பானையோடுகளும் வெளிப்பட்டன. வெளியே சொன்னால் நிலம் பறிபோகும் என்று, வீட்டைக் கட்டித்தரும் குத்தகையாளர் குழியை மூடச் சொல்கிறார். வேலை நின்றால் இயந்திர வாடகை கேட்டு என் மீது நடவடிக்கை எடுப்பாராம். என்ன செய்வது?

பதில்: குழியை மூடாதீர்கள். 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தின் 47ஆவது பிரிவின்படி, பண்பாட்டு முக்கியத்துவம் உடையதெனக் கருதத்தக்க பொருளைக் கண்டெடுப்பவர் பாரம்பரிய ஆணையருக்கோ, அதிகாரம் பெற்ற அலுவலருக்கோ, மாவட்ட அதிகாரிக்கோ உடனடியாகத் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு எளிதானது மாவட்ட அலுவலகம்தான். கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஓடுகளை வீட்டுக்கு எடுத்துச் செல்லவோ கழுவவோ வேண்டாம். மனித எலும்பு தென்பட்டால் காவல் நிலையத்திலும் புகார் செய்யுங்கள். உங்கள் வட்டாரத்தில் இது வெறும் கற்பனை அன்று. அங்குள்ள குவார் கெப்பாவில், பழங்கால மக்கள் உண்டு எறிந்த சிப்பிகள் குவிந்த மேடுகளில் 2017இல் கிடைத்த எலும்புக்கூடு ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் பழைமையானது.

நிலம் போய்விடும் என்பது கம்பங்களில் நான் அடிக்கடி கேட்கும் அச்சம், ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தகவல் தெரிவித்த காரணத்தால் உங்கள் கெரானில் (நில உரிமைப் பத்திரத்தில்) ஓர் எழுத்துகூட மாறாது. இடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க ஆணையர் எண்ணினால், குறைந்தது 60 நாள்களுக்கு முன் உங்களுக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும், நீங்கள் ஆட்சேபிக்கலாம். அப்படி அறிவிக்கப்பட்டாலும் நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கலாம். கையகப்படுத்துவதென்றால் அது நில எடுப்புச் சட்டத்தின் வழியேதான் நடக்க வேண்டும். அதற்குப் போதிய இழப்பீடு தர வேண்டும் என்பதை அரசியலமைப்பின் 13ஆவது விதி உறுதிசெய்கிறது. சில ஓடுகளுக்காக அரசு அவ்வளவு தூரம் போகும் என்று நான் கருதவில்லை. பெரும்பாலும் தொல்லியலாளர் அந்தப் பகுதியைத் துப்புரவாக்கி, அளந்து, படமெடுத்து, பதிவு முடிந்ததும் விடுவிப்பார். அதுவரை நிலத்தின் மறு மூலையில் வேலையைத் தொடர முடியுமா என்று அவரிடமே கேளுங்கள்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. தொல்லியலாளர் இல்லாத நாளில் தோண்டியது அனுமதிக்கு முரணானது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 26ஆவது பிரிவு இதற்கு 5,00,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது; தோண்டியவரோடு தோண்ட அனுமதித்தவரும் அதில் அகப்படுவார். ஆகவே, மாநகர் மன்றம் கண்டுபிடிக்கும் முன் நீங்களே எழுதித் தெரிவிப்பது நல்லது. அதன்மேல் குழியையும் மூடினால், தவறுதல் என்று சொல்லும் வாய்ப்பு அறவே போய்விடும். 2013இல் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் நில மேம்பாட்டுப் பணியின்போது 11ஆம் எண் சண்டி (பழங்காலக் கோயில்) இடிக்கப்பட்டது நாடு முழுவதும் எழுப்பிய சினத்தை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த இடம் அப்போது பாரம்பரியத் தலமாக அரசிதழில் அறிவிக்கப்படாதிருந்தது. உங்கள் வழக்கிலோ நிபந்தனை எழுத்தில் உள்ளது. தெரியாது என்று சொல்ல வழியில்லை.

தொல்லியலாளர் கட்டணத்தை எதிர்க்கும் காலம் கடந்துவிட்டது. நிபந்தனைக்கு எதிராக மேல்முறையீட்டு வாரியத்தை அணுக, முடிவு கிடைத்ததிலிருந்து ஒரு மாதமே அவகாசம். அனுமதிக் கடிதத்தின் கடைசிப் பக்கங்களை யாரும் படிப்பதில்லை என்பது வேறு கதை. எனினும், ஆழமாகத் தோண்டும் நாள்களுக்கு மட்டும் கண்காணிப்பைச் சுருக்குமாறு மன்றத்திடம் எழுத்தில் வேண்டலாம்.

குத்தகையாளரின் மிரட்டலுக்கு வருவோம். 2012ஆம் ஆண்டு கட்டுமானப் பணக்கொடுப்பு, தீர்ப்பளிப்புச் சட்டத்தில் பணத் தகராறுகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் விரைவு நடைமுறை, தனிமனிதர் தாம் குடியிருப்பதற்காகவே கட்டும் நான்கு மாடிக்குக் குறைவான வீட்டுக்குப் பொருந்தாது. எனவே அவர் நீதிமன்றத்துக்கே போக வேண்டும். அங்கே வாடகைக் கோரிக்கை உங்கள் ஒப்பந்தத்தின் வாசகத்தைச் சார்ந்திருக்கும். நிபந்தனையை அறிந்தே தோண்டினாரா என்ற கேள்வியும் எழும். அனுமதிக் கடிதத்தின் நகலை அவரிடம் எப்போது கொடுத்தீர்கள் என்பதற்குச் சான்று தேடி எடுத்து, வேலை நிற்கும் நாள்களின் செலவை யார் ஏற்பது என்று கூடுதல் உடன்படிக்கை ஒன்றை எழுதிக் கையொப்பமிட்ட பிறகே அடுத்த தவணையைக் கொடுங்கள்.