மணற்குளவி – கடிதம்

ஐயா,

ஓமலூரில் நாங்கள் கட்டிவரும் வீட்டின் முன் கொட்டியிருக்கும் ஆற்று மணலில், கறுப்பு உடலில் வெளிர்மஞ்சள் பட்டை போட்ட குளவிகள் குழி தோண்டுகின்றன. முன்கால்களால் மணலை வாரி இறைக்கின்றன. ஈக்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகின்றன. நேற்று மணலைக் கூட்டி ஒதுக்கியதும் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. மேஸ்திரி மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார். இது என்ன குளவி? ஆபத்தானதா? கொட்டிக் கொட்டியே புழுவைக் குளவியாக்கும் என்று நம் முன்னோர் அன்றே சொன்ன அறிவியல் இதுதானே?

தமிழ்ச்செல்வி

அன்புள்ள தமிழ்ச்செல்வி,

நீங்கள் எழுதியிருப்பவை பெம்பிக்ஸ் என்னும் பேரினத்து மணற்குளவிக்கு உரிய அடையாளங்கள். பெண்ணுக்கு மட்டுமே கொடுக்கு உண்டு. கையால் பிடித்தாலோ மிதித்தாலோ அன்றி அது கொட்ட வராது. மண்ணெண்ணெய் வேண்டாம்.

உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. குருவை இடையறாது நினைக்கும் சீடன் குருவாகவே ஆவான் என்பதற்கு வேதாந்திகள் குளவியையும் புழுவையும் உவமையாக எடுத்தாண்டார்கள். உவமையாக அது அழகானது. அதை அறிவியல் என்று சொல்லத் தொடங்கும்போது, சுவரில் கட்டிய மண்கூட்டுக்குள் பச்சைப்புழு போனதையும் பிறகு குளவி வெளியே வந்ததையும் கண்டவர்கள், நடுவில் ஒருமுறைகூடக் கூட்டை உடைத்துப் பார்க்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். உடைத்திருந்தால், கொட்டுப்பட்டு அசைவற்றுக் கிடக்கும் புழுவைக் குளவியின் முட்டையிலிருந்து வந்த குஞ்சு தின்றுகொண்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். உங்கள் குளவியோ புழுவைத் தொடுவதே இல்லை. ஈயைத் தூக்கிப் போவதைக் கண்ணால் கண்டு நீங்களே எழுதிவிட்டு, சில வரிகளுக்குள் அந்த ஈயைப் புழுவாக்கிவிட்டீர்களே! இவ்வளவு நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர், பார்த்ததை ஒரு பழமொழிக்காக விட்டுக்கொடுக்கலாமா?

பார்த்ததை விடாமல் பின்தொடர்ந்திருந்தால் இன்னும் பெரிய செய்தி கிடைத்திருக்கும். தனித்து வாழும் குளவிகளில் பெரும்பாலானவை அறையை இரையால் நிரப்பி, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சின் முகத்தையே அவை பார்ப்பதில்லை. பெம்பிக்ஸ் அப்படியல்ல. குஞ்சு வளர வளரப் புதிய ஈக்களைக் கொண்டுவந்து ஊட்டுகிறது. ஒவ்வொரு முறை வெளியேறும்போதும் வாசலை மணலால் மூடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் தென்பகுதியில் இந்தக் குளவிகளைக் கவனித்த பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஃபாபர், அறையில் இருந்த ஈக்கள் மயங்கியவை அல்ல, செத்தவை என்று கண்டார். அவ்வப்போது புதிதாகக் கொண்டுவரும் தாய்க்கு இரையைக் கெடாமல் வைத்திருக்க வேண்டிய தேவையில்லை.

நேற்று அவை சுற்றியதும் சினத்தால் அல்ல. தேனீக்களை வேட்டையாடும் ஒரு குளவியின் வளையைச் சுற்றி, விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த அறிவியலாளர் டின்பெர்கன் ஹாலந்தில் பைன் காய்களை வட்டமாக வைத்தார். அது வெளியே சென்ற நேரத்தில் வட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்தபோது, திரும்பி வந்த குளவி தன் வாசலை விட்டுவிட்டு வட்டத்தின் நடுவில் இறங்கியது. சுற்றியுள்ள அடையாளங்களைக் கொண்டே அவை வீட்டை அறிகின்றன. நீங்கள் கூட்டி ஒதுக்கியது அந்த அடையாளங்களை.

பூச்சு வேலைக்கான மணலைக் குழிகள் இல்லாத பக்கத்திலிருந்து அள்ளச் சொல்லுங்கள். ஈயோடு திரும்பும் குளவியின் பின்னால், சிறிது இடைவெளி விட்டுப் பறந்து வரும் சாம்பல் நிறச் சிற்றீ ஏதேனும் தென்படுகிறதா என்று பாருங்கள். அதன் குஞ்சுகள் வளைக்குள் புகுந்து, தாய் சேர்த்த உணவைத் தின்று வளர்பவை. அதைக் கண்டால், கண்டதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.