மே கடைசியில் கிளேசியர் பூங்காவில் சைக்கிள்: செவ்வாயா, சனியா?

அமெரிக்காவின் மொண்டானாவில் உள்ள இந்தப் பூங்காவின் மலைச்சாலையான கோயிங் டு த சன் சாலையில், பனி அகற்றிக் கார்களுக்குத் திறக்குமுன், அதன் உச்சியான லோகன் கணவாய் வரை சைக்கிளில் ஏற முடியுமா, செவ்வாய்க்கிழமை போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். செவ்வாய் வேண்டாம், சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். வார நாட்களில் பனி அகற்றும் இயந்திரங்கள் மேலே வேலை செய்யும், பாதி வழியிலேயே தடுப்பு போட்டிருப்பார்கள். வேலை இல்லாத வார இறுதியில் இன்னும் மேலே போக வாய்ப்புண்டு. பனிச்சரிவு அபாயப் பலகை கண்டால் மட்டும் திரும்பிவிடுங்கள், பேரமே கிடையாது.

அடிவாரப் பக்கம் உள்ள அவலாஞ்ச் க்ரீக்கிலிருந்து கணவாய் சுமார் 25 கிலோமீட்டர், ஏற்றம் 950 மீட்டர் அளவில். சரிவு சீரானது, சாதாரண ரோடு சைக்கிளே போதும். நீங்கள் ஏற்றத்துக்குப் பயப்படுகிறீர்கள். எனக்கு இறக்கம்தான் வினையானது. வீப்பிங் வால் பாறையில் உருகிய பனிநீர் சாலை மேலேயே கொட்டுகிறது. நனைந்த மெல்லிய கையுறையோடு இறங்கியதில் விரல் மரத்து, பிரேக் பிடிக்கிறேனா இல்லையா என்பதே தெரியவில்லை. உலர்ந்த தடித்த கையுறை ஒரு ஜோடி தனியாக வையுங்கள்.

அப்புறம், கரடி. சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் வளைவில் திடுக்கிட வைப்போம்; குரல் கொடுத்துக்கொண்டே இறங்குங்கள். கரடி ஸ்ப்ரே (கரடியை விரட்டும் மிளகாய்க் காரத் தெளிப்பான்) முதுகுப் பையில் அல்ல, கைப்பிடியருகே இருக்கட்டும். விமானத்தில் அதை விடமாட்டார்கள், அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். கிளம்பும் காலையில் பூங்கா இணையதளத்தில் சாலை நிலவரம் பாருங்கள்.