கரை ஏறும்போது வரும் பிடிப்பு

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் 51 வயது வாசகருக்கு: உங்கள் கடிதத்தின் நான்கு பக்கங்களில் மூன்றரைப் பக்கம் அரிசியைப் பற்றியது. சோற்றை அறவே விட்டுவிடலாமா, வரகுக்கும் சாமைக்கும் மாறலாமா, பழைய சோறு சாப்பிட்டால் சர்க்கரை ஏறுமா, மாலையில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்றெல்லாம் வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் இடமில்லாமல் நெருக்கி இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். குடமுருட்டிக் கரையில் நடக்கும்போது நெஞ்சில் ஒரு பிடிப்பு வருகிறது, நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடுகிறது. ஒரு மாதத்துக்கு முன்பு அரை மணி நேரம் நடந்த பிறகு வந்தது, இப்போது கரை ஏறும் சரிவிலேயே வந்துவிடுகிறது. வாயு என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன் என்பவையே அந்த வரிகள். தந்தையார் 54 வயதில் களத்துமேட்டில் சாய்ந்து இறந்ததை முந்தைய பக்கத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்க உங்களுக்கு மனம் வரவில்லை. நான் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

இதைப் படிக்கும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அதுவரை நடைப்பயிற்சி வேண்டாம்.

வாயுவுக்கு மேடும் பள்ளமும் தெரியாது. ஏறினால் வந்து, நின்றால் போய், மறுநாள் அதே சரிவில் மறுபடியும் வரும் பிடிப்பு, வேறு காரணம் உறுதியாகும் வரை, இதயத்திலிருந்து வருவதாகவே கொள்ளப்பட வேண்டும். டெல்டாக்காரருக்கு இதை விளக்குவது எளிது. தூர்ந்துபோன வாய்க்காலில் சாதாரண நாளில் போகும் தண்ணீர் போதுமானதாகத்தான் இருக்கும். எல்லா வயலும் ஒரே நேரத்தில் நடவுக்குத் தண்ணீர் கேட்கும்போதுதான் கடைமடை காய்வது வெளியே தெரியும். இதயத்தின் இரத்தக் குழாய் சுருங்கியிருந்தாலும் உட்கார்ந்திருக்கும்போது தொந்தரவு இருக்காது. கரை ஏறும்போது இதயத் தசை கூடுதல் இரத்தம் கேட்கிறது, அது கிடைக்காமல் பிடிக்கிறது. முகாமில் எடுத்த ஈசிஜி சரியாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அது படுத்திருக்கும்போது எடுத்தது. படுத்திருக்கும்போது உங்களுக்கு வலி இல்லையே! அந்தத் தாளை வைத்து நிம்மதி அடைய முடியாது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது பிடிப்பு வரும் தூரம் குறைந்துகொண்டே வருவதுதான். பல மாதங்களாக ஒரே அளவில் இருக்கும் பிடிப்பு ஒரு வகை. புதிதாகத் தொடங்கி, ஒரே மாதத்தில் அரை மணி நேரத்திலிருந்து ஒரு சரிவு அளவுக்குச் சுருங்கிய பிடிப்பு முற்றிலும் வேறு வகை. பின்னதில் குழாய்க்குள் நிலைமை மாறிக்கொண்டிருக்கலாம், காத்திருக்க நேரமில்லை. தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அதையும் நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரையும் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களில் சிலருக்கு வலியே தெரியாமல், மூச்சிரைப்பும் வியர்வையும் இனம்புரியாத சோர்வும் மட்டுமே வரும். உங்களுக்குப் பிடிப்பாவது தெரிகிறதே என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

மருத்துவரிடம் "வாயுத் தொல்லை" என்று தொடங்காதீர்கள். என்னிடம் வருபவர்களில் பலர் வாயால் வாயு என்று சொல்லிக்கொண்டே, தாம் அறியாமல் கையை மடக்கி முஷ்டியை நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்திக் காட்டுவார்கள். நான் வாயை விட்டுவிட்டுக் கையைத்தான் பார்ப்பேன். எங்கே ஏறும்போது வருகிறது, எத்தனை நிமிடத்தில் போகிறது, முன்பு எவ்வளவு தூரம் நடக்க முடிந்தது என்பதைக் கடிதத்தில் எழுதியபடியே சொல்லுங்கள். எக்கோ என்ற இதய ஸ்கேன் போதுமா, நடக்கவைத்து ஈசிஜி எடுக்கும் டிரெட்மில் பரிசோதனை செய்யலாமா, நேரடியாக இதயக் குழாய் அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோகிராம்தானா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

உட்கார்ந்திருக்கும்போதே பிடிப்பு வந்தாலும், ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் விடாவிட்டாலும், வியர்த்துக் கொட்டித் தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவினாலும் 108-ஐ அழைக்க வேண்டும். சோடா குடித்துப் பார்ப்பது, இஞ்சிச் சாறு இறக்குவது, இரு சக்கர வண்டியைத் தாமே ஓட்டிக்கொண்டு டவுனுக்குப் போவது எதுவும் கூடாது. 2023 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்குக் கொடுப்பதற்கென்று ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. பலமாக இருமினால் மாரடைப்பு நின்றுவிடும் என்று உங்கள் கைப்பேசிக்கு வந்த செய்தியை அழித்துவிடுங்கள்.

யாரோ ஒருவர் காணொளியில் சொன்னார் என்பதற்காக மூன்று மாதங்களாகக் கொழுப்பு மாத்திரையை நிறுத்தியிருக்கிறீர்கள். அவருக்கு உங்கள் தந்தையாரின் வயது தெரியாது, உங்கள் சர்க்கரை அளவும் தெரியாது. அந்த மாத்திரை எழுதப்பட்டது உங்களைப் போன்றவருக்குத்தான். நிறுத்தியதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அரிசி. அரிசி மீது எனக்குக் கோபம் இல்லை. உங்கள் தந்தையார் காலத்தில் நாற்றுப் பறிப்பும் நடவும் களையெடுப்பும் அறுவடையும் மனிதக் கையால் நடந்தன. இன்று நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வருகிறது, வரப்பு வரைக்கும் வண்டியில் போகிறோம். ஆனால் இலையில் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு மட்டும் பழையபடியே விழுகிறது, கூட்டு ஓரத்தில் ஒரு கரண்டி. அந்தக் கணக்கைத் திருப்புங்கள். இலையில் பாதி காய், கால் பங்கு பருப்போ சுண்டலோ மீனோ முட்டையோ, மீதிக் கால் பங்கு சோறு. ரசத்தைக் குடியுங்கள், அதற்கென்று தனியாகச் சோறு வேண்டாம். வரகும் சாமையும் நல்லவைதான், நார்ச்சத்து கூடுதல். ஆனால் அவற்றிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான் என்பதால், "சிறுதானியம்தானே" என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். உங்கள் வீட்டம்மா கேட்டிருக்கும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் இதே பதில். பழைய சோறு ஒரு கிண்ணம் சாப்பிடலாம், சிக்கல் அதற்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயிலும் மோர்மிளகாயிலும் கருவாட்டிலும் இருக்கிறது. நாள் ஒன்றுக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. நீங்கள் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்.

டிகிரி காபியை விட வேண்டாம், சர்க்கரையை விட்டுவிடுங்கள். உள்ளங்கால் எரிச்சலுக்கும் தலைமுடி கொட்டுவதற்கும் இப்போது அவசரமில்லை.

இதய மருத்துவர் அனுமதித்த பிறகு நடை வேண்டும், கட்டாயம் வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்ற வேகத்தில். சரிவைத் தவிர்த்துச் சமதளத்தில் தொடங்கலாம். சாப்பிட்ட கையோடு வேகமாக நடக்க வேண்டாம். வயிறு நிறைந்திருக்கும்போது இந்தப் பிடிப்பு எளிதில் வரும், அப்போதுதான் அது வாயு என்று தோன்றவும் செய்யும்.

மருத்துவமனைக்குப் போகும்போது சாப்பிடும் மாத்திரைகள், நிறுத்திய மாத்திரைகள், மருந்துக்கடையில் நீங்களாக வாங்கியவை என எல்லா அட்டைகளையும், அந்தப் பழைய ஈசிஜி தாளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். காரில் போங்கள், மகன் ஓட்டட்டும்.