பொழுதுபோக்காக எடுக்கும் இயற்கைப் படங்களை யாரிடம் காட்டுவது? 'சூப்பர்' என்பதற்கு மேல் யாராவது ஏதாவது சொல்வார்களா?

கேட்டவர் கொஞ்சம் விளக்கமும் கொடுத்திருக்கிறார். வேளச்சேரியில் வீடு, கையில் ஒரு சாதாரணக் கேமரா. ஞாயிறு காலைகளில் ஏரி, கடற்கரை என்று சுற்றிப் படம் எடுக்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நாலு கட்டைவிரல், இரண்டு 'சூப்பர்', அதோடு சரி. பகிர்வதையே விட்டுவிடலாமா என்கிறார்.

விட வேண்டாம். ஆனால் இருபது பேரிடம் காட்டுவதை விட்டு இரண்டு பேரிடம் காட்டுங்கள். நான் இந்த முடிவுக்கு வந்தது ஒரு போகிப் பண்டிகை காலையில்.

அன்றைக்கு விடிவதற்கு முன்பே துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். எதிரே மூன்று கூழைக்கடாக்கள். பின்னால் இருக்கும் கட்டடங்கள் எல்லாம் மங்கிக் கரைந்து, கோரைப்புல் மட்டும் கோடு கோடாகத் தெரிந்தது. இந்த ஊரில் இப்படி ஒரு காட்சி கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. வீட்டுக்கு வந்ததும் போட்டேன். 'வாவ்', 'ஊட்டி மாதிரி இருக்கு', 'மூடுபனி அழகு' என்று மளமளவென்று வந்து விழுந்தது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் பழைய அலுவலக நண்பர் ஒருவரிடமிருந்து தனியாக ஒரு செய்தி. "போகி அன்னிக்கு எடுத்ததா? பனின்னா வெள்ளையா இருக்கும், இது பழுப்படிக்குதே. டயர் புகைதானே? அப்புறம், வலது ஓரத்துல கோரைக்குள்ள ஒரு நாமக்கோழி ஒளிஞ்சிட்டிருக்கு, கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால், கறுப்பு உடம்பும் நெற்றியில் வெள்ளைப் பொட்டுமாக, அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது. என் படத்தை என்னைவிட நன்றாகப் பார்த்த ஒரு ஆள்! அதுவரை வந்த பாராட்டெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஊரே இருமிக்கொண்டிருந்த புகையை நான் ஊட்டி என்று விற்றிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு டீக்கடையில் உட்காருவது வழக்கமாகிவிட்டது. ஆளுக்கு மூன்றே படம். போனில் காட்டக் கூடாது, மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டுக்கொண்டு வர வேண்டும். ஒரு பிரிண்டுக்கு ஒன்றும் பெரிய செலவில்லை. காசு கொடுத்துப் போட வேண்டும் என்றாலே நாற்பது படத்தில் முப்பத்தேழு தானாகக் கழிந்துவிடும். 'நல்லா இருக்கு' என்று சொன்னால் சொன்னவர்தான் டீக்காசு கொடுக்க வேண்டும். முதலில் கண் எங்கே போனது, அப்புறம் எங்கே போனது, எது இடறுகிறது, இதை மட்டும்தான் சொல்லலாம்.

ஒருமுறை பெரிய வெண்கொக்கு ஒன்றைப் பெருமையாக நீட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "புதர்ல கேரி பேக் மாட்டியிருக்கு போல" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரிதான், இறகு ஒன்றுகூடத் தெரியவில்லை, வெறும் வெள்ளைத் திட்டு. சுற்றிலும் தண்ணீர் கறுப்பாக இருந்தால் கேமரா மொத்தக் காட்சியும் இருட்டு என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும், வெள்ளைப் பறவை வெந்துபோகும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்து வைத்தால் இறகுகள் தனித்தனியாக வந்துவிடும். இதை நான் எத்தனையோ வீடியோக்களில் பார்த்திருக்கிறேன், மண்டையில் ஏறவில்லை. கேரி பேக் என்று ஒருவர் சொன்ன பிறகு இன்றுவரை மறக்கவில்லை.

நீங்களும் அடுத்தவர் படத்துக்கு இப்படித்தான் பதில் எழுதிப் பாருங்கள். கேலி செய்யச் சொல்லவில்லை. 'அந்த மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும் கம்பி மேல் துருப்பிடித்திருப்பதுகூடத் தெரிகிறது' என்று ஒரு வரி போதும். எடுத்தவர் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருப்பார். திருப்பி உங்கள் படத்தையும் நின்று பார்ப்பார்.

சென்னையில் நிலக்காட்சி எடுப்பவர்களுக்கு இருக்கும் ஒரு தாழ்வு மனப்பான்மையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலை இல்லை, அருவி இல்லை, எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் ஒரு அபார்ட்மெண்ட், ஒரு செல்போன் கோபுரம், ஒரு உயர்மின் கம்பி. அதனால் எல்லோரும் வெட்டுகிறார்கள். பூநாரையின் கழுத்து வரைக்கும் நெருக்கி வெட்டினால், அது பள்ளிக்கரணையா ஆப்பிரிக்காவா என்றே தெரியாது. நானும் பல வருடம் இதைத்தான் செய்தேன். இப்போது கட்டடத்தை விட்டுவிடுகிறேன். பள்ளிக்கரணை 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று பெயர். சுமார் 1,248 ஹெக்டேர். அதன் ஓரத்திலேயே பெருங்குடி குப்பைக் கிடங்கு, இன்னொரு ஓரத்தில் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிச் சுவர். கூழைக்கடா அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் இறங்குகிறது. அதை மறைத்துவிட்டு நான் என்ன இயற்கையைக் காட்டப் போகிறேன்? நண்பருக்கு இதில் உடன்பாடில்லை. "காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஆபீஸையா படம் பிடிப்பே?" என்பார். சண்டை இன்னும் முடியவில்லை.

வண்ணமும் அப்படித்தான். அடையாறு முகத்துவாரத்தில் மழைக்காலத்தில் கடல் செம்மண் கலந்த பழுப்பாக இருக்கும். அதை நீலமாக்கி, வானத்தை ஆரஞ்சாக்கிப் போட்டால் லைக் மூன்று மடங்கு வரும், பார்த்திருக்கிறேன். வந்துவிட்டுப் போகட்டும்.

என் பெரிய தவறு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். சில வருடம் முன்பு, நகரத்தை ஒட்டிய ஒரு பழைய கல்குவாரியில் கொம்பன் ஆந்தை ஜோடி ஒன்று கூடு வைத்திருந்தது. எந்த இடம் என்று இப்போதும் சொல்ல மாட்டேன், அப்போது சொல்லித் தொலைத்தேன். படத்தோடு இடத்தின் பெயரையும் போட்டேன், எல்லோரும் பார்க்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான். அடுத்த வாரம் போனால் ஐந்தாறு பேர், நீள லென்ஸ்கள். ஒருவர் ஆந்தை முகத்தைத் திருப்ப வேண்டும் என்று கைதட்டுகிறார். அதற்கடுத்த வாரம் பாறையில் எச்சத்தின் வெள்ளைக் கறை மட்டும் இருந்தது. ஆந்தைகள் போய்விட்டன. அவை போனதற்கு நாங்கள்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தப் படத்தை நீக்கிவிட்டேன், இப்போது எங்கும் இல்லை. அன்றிலிருந்து கூடு, குஞ்சு, ஆந்தை இருக்கும் இடம் எதையும் வெளியில் சொல்வதில்லை. போனில் எடுத்த படம் என்றால் கோப்புக்குள்ளேயே இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதையும் நீக்கிவிட்டுத்தான் அனுப்புகிறேன். பழவேற்காட்டில் பூநாரைக் கூட்டத்துக்குள் படகை விடச் சொல்லி, அத்தனையும் எழும்பிப் பறக்கும்போது எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரிப் படத்துக்கு நான் ஒரு லைக்கும் போடுவதில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

'சாதாரணக் கேமரா' என்று நீங்கள் எழுதியதில் ஒரு கூச்சம் தெரிகிறது. மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கை எழுத்தாளரும் புகைப்படக்காரருமான மா. கிருஷ்ணன் பல கேமராக்களின் பாகங்களை எடுத்துத் தானே ஒட்டுப்போட்ட ஒரு பெட்டியைத்தான் காடெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்தார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996ல் இறக்கும் வரை இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதிக்கொண்டே இருந்தார். காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு வீட்டுப் பக்கத்துக் காக்கையையும் அணிலையும் எழுதிய மனிதர். ஆகவே லென்ஸ் நீளத்தைப் பற்றிக் கவலைப்படுவதை நான் நிறுத்திவிட்டேன். அதாவது, பெரும்பாலும் நிறுத்திவிட்டேன்.

கருவி பற்றி ஒன்றே ஒன்று: நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஏ.சி. அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குப் போனால் கண்ணாடியில் ஆவி படிந்து, சூரியன் வரும்போது நீங்கள் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். மார்கழி, தையில் உதயம் ஆறரையை ஒட்டித்தான், எட்டரைக்குள் வெளிச்சம் கடுத்துவிடும். இரண்டு மணி நேரத்தில் கால் மணியைத் துடைத்தே தொலைத்திருக்கிறேன்.

டீக்கடை நண்பர் கிடைக்காவிட்டால்? பறவை, பூச்சி, செடி, எதுவானாலும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் ஏற்றுங்கள். அங்கே யாரும் 'சூப்பர்' என்று சொல்ல மாட்டார்கள், இது என்ன உயிர் என்று சொல்வார்கள். நான் வெறுமனே 'பருந்து' என்று போட்ட ஒரு மங்கலான படத்துக்கு, முகம் தெரியாத ஒருவர், 'இது சேற்றுப் பூனைப்பருந்து, மிதக்கும்போது இறக்கையை ஆங்கில வி எழுத்து மாதிரி தூக்கிப் பிடித்திருக்கிறது பாருங்கள்' என்று எழுதினார். குளிர்காலத்தில் வலசை வருவது. அந்தப் படம் பார்க்க ஒன்றும் சுகமில்லை, ஆனால் என் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், அதில் கலந்துகொண்டாலும் உங்களை மாதிரி நாலு பேரைச் சந்திக்கலாம். குடும்பக் குழுவில் போட்டே ஆக வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப் நசுக்கிவிடும்.

எல்லாவற்றையும்விட, படத்தில் இருப்பவர்களுக்கே ஒரு பிரதி கொடுங்கள். இரண்டு வருடம் முன்பு பெசன்ட் நகர் உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு விடியலை எடுத்தேன். முக்கால் பங்கு வானம், அடுக்கடுக்காக மேகம், கீழே ஓரத்தில் துளியாக ஒரு ஃபைபர் போட். அந்த வானத்துக்காகத்தான் எடுத்தேன், டீக்கடையிலும் வானத்தைத்தான் பேசினோம். ஒருநாள் அந்த போட்டுக்காரரை ஊரூர் குப்பம் மணலில் பார்த்து, பிரிண்டை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "நம்ம போட்டு தம்பி. வாடக்காத்து அடிக்குது பாரு, தண்ணி மேல கோடு கோடா போவுது. அன்னிக்கு வலை போட முடியாம சும்மா திரும்பிட்டோம்" என்றார். எனக்கு அந்தக் கோடே தெரிந்ததில்லை.

ஒரு மாதம் கழித்துப் போனபோது, "வா தம்பி, மாட்டி வெச்சிருக்கேன்" என்று வீட்டுக்குக் கூப்பிட்டார். காலண்டருக்குப் பக்கத்தில், சாமி படத்துக்குக் கீழே என் படம். கத்தரிக்கோலால் மேகம் மொத்தத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, போட்டும் அதைச் சுற்றி இரண்டு விரல் தண்ணீரும் மட்டும் ஒட்டியிருந்தார். "மேல சும்மா காலியா இருந்துச்சு, அதான்" என்றார்.