பாண் வரிசையும் தனுஷ்கோடியும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நீலகிரியில் பந்தலூர் பக்கத்தில் அரசுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது கோவையில் செவிலியராக இருக்கிறேன். எளிய மனிதர்களின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று நீங்கள் தொடர்ந்து எழுதிவருகிறீர்கள். அதைப் படித்த பிறகு, ஊருக்குப் போகும்போதெல்லாம் என் அம்மாயி பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்துவருகிறேன். இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து 1974-இல் தாயகம் திரும்பியவர் அவர்.

ஆனால் எனக்குச் சோர்வாக இருக்கிறது. அவரைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்ப இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டால், அதெல்லாம் ஆண்களுக்குத்தான் தெரியும் என்கிறார். பாணுக்கு (ரொட்டியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வரிசையில் நின்றது, மரவள்ளிக் கிழங்கு, வளர்த்த ஆடு, கங்காணியின் மனைவியோடு போட்ட சண்டை என்று பேச்சு அங்கேயே சுற்றுகிறது. போதாததற்கு, தனுஷ்கோடியில்தான் வந்து இறங்கினோம் என்று அடித்துச் சொல்கிறார். மாமா வைத்திருக்கும் பழைய தாள்களில் இராமேஸ்வரம் என்று இருக்கிறது. தனுஷ்கோடி 1964 புயலிலேயே அழிந்துவிட்டதே! மாமா பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருக்கிறார். இலங்கையில் இறந்துபோன குழந்தையைப் பற்றிய பேச்சு வந்தால் அம்மாயி அழுகிறார். நான் பதிவை நிறுத்திவிடுகிறேன். தவறான தகவல்களை வெட்டிவிடலாமா? இதில் வரலாறு என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

எதையும் வெட்டாதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அம்மாயி ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசவில்லை என்று வருந்துகிறீர்கள். அவர் அதைப் பற்றித்தான் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. இலங்கையில் 1948-இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத்து மக்கள், அதாவது தோட்ட வேலைக்கு இங்கிருந்து போன தமிழர்களின் வழிவந்தவர்கள், நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இரண்டு அரசுகள் உட்கார்ந்து அவர்களைப் பங்கு பிரித்தன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த மீதியையும் 1974-இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். கொழுந்து பறித்தவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. இவ்வளவும் அச்சில் இருக்கிறது, நூலகத்தில் கிடைக்கிறது. இதற்காக அம்மாயியை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்?

அச்சில் இல்லாத ஒன்று இருக்கிறது. மக்கள் விருப்பப்பட்டு இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார்கள் என்று கோப்புகள் சொல்கின்றன. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர்கள் எந்த நாளில், எதனால் பெட்டியைக் கட்டினார்கள் என்று எந்தக் கோப்பும் சொல்லாது. 1973, 1974 ஆண்டுகளில் இலங்கையில் கடும் உணவுத் தட்டுப்பாடு. ரேஷன் அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. காய்கறி போடவும் சொந்த நிலமில்லாத தோட்டத் தொழிலாளர்களைத்தான் அது மிகக் கொடுமையாகத் தாக்கியது. தோட்டங்களில் சாவு எண்ணிக்கை திடீரென்று ஏறியது. போகலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த எங்களைப் பசிதான் கிளப்பியது என்று நீலகிரியில் என்னிடம் பேசிய முதியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அம்மாயி வந்தது 1974-இல். அவர் பேசுவது பாண் வரிசையையும் மரவள்ளியையும். இன்னும் எப்படிச் சொல்ல வேண்டும் அவர்?

ஆகவே அடுத்த முறை ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, வரிசையைப் பற்றிக் கேளுங்கள். வீட்டில் யார் போய் நின்றார்கள்? எத்தனை மணிக்கு எழுந்தார்கள்? வரிசையில் நின்ற நாளில் காலைப் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போக முடிந்ததா? நேரம் தப்பிப் போனால் கணக்கப்பிள்ளை முழுப்பேர் (முழுநாள் கூலி) போட்டாரா, அரைப்பேரா, திருப்பி அனுப்பிவிட்டாரா? கிடைத்த பாணை எத்தனை பேருக்குப் பங்கு வைத்தார்கள், யார் கடைசியில் சாப்பிட்டார்கள்? அந்த ஆடு என்ன ஆயிற்று என்றும் கட்டாயம் கேளுங்கள். விற்றார்களா, யாருக்கு விற்றார்கள், கப்பல் ஏறும் செலவுக்கு அது ஆயிற்றா என்று போனால், ஒரு குடும்பம் தன்னைத்தானே பெயர்த்துக்கொண்டு வந்த கணக்கு முழுவதும் அந்த ஆட்டின் பின்னாலேயே வந்துவிடும். ஊழியர் சேமலாப நிதியிலிருந்து (இங்கே நாம் வருங்கால வைப்பு நிதி என்போம்) பணம் வந்ததா, எப்போது வந்தது என்பதும் அதே பேச்சில் வந்து சேரும். கங்காணி மனைவியுடன் நடந்த சண்டையை நான் மிகவும் மதிக்கிறேன். தோட்டத்தில் யாருக்கு யார் பயந்தார்கள், யார் பயப்படவில்லை என்று அதைவிட நன்றாகச் சொல்லும் சாட்சி கிடைக்காது.

இனி தனுஷ்கோடி. தாள்கள் சொல்வது சரி. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல், 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலோடு நின்றுபோனது. அதன் பிறகு இராமேஸ்வரத்திலிருந்துதான் கப்பல். 1974-இல் வந்தவர் தனுஷ்கோடியில் இறங்கியிருக்க வழியில்லை. ஆனால் உங்கள் அம்மாயியின் அப்பாவும் தாத்தாவும் எந்த வழியாகப் போயிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக அடைபட்டுக் கிடந்து, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கியவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த பெண் அவர். லயத்தில் இந்தியா என்றாலே தனுஷ்கோடிதான். பிறந்ததிலிருந்து கேட்ட பெயர், பார்க்காத ஊரின் வாசல். கப்பல் கரையைத் தொட்டபோது அந்த வாசலில்தான் அவர் இறங்கியிருக்கிறார்.

இத்தாலியில் தெர்னி என்ற இரும்பாலை நகரம். அங்கே லூயிஜி திரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி, நேட்டோவுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் போலீஸால் கொல்லப்பட்டது 1949-இல். அலெஸாண்ட்ரோ போர்ட்டெல்லி என்ற வரலாற்றாசிரியர் பல ஆண்டுகள் கழித்துப் போய்க் கேட்டபோது, தொழிலாளர்கள் பலர் அது 1953-இல் நடந்தது என்றார்கள். 1953, ஆலையில் ஆயிரக்கணக்கானோரை வேலையை விட்டு அனுப்பிய ஆண்டு. தோழன் செத்ததற்குப் பதில் சொல்ல முடியாமல் போன வலியை அவர்களின் நினைவு அந்த ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த பெரிய போராட்டத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. போர்ட்டெல்லி அவர்களைத் திருத்தவில்லை. ஏன் அப்படி நினைவிருக்கிறது என்று கேட்டார். வாய்மொழி வரலாற்றைப் பற்றி உலகம் முழுவதும் யோசிக்கும் முறையே அந்தக் கேள்வியால் மாறியது. நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். அம்மாயி சொன்னதை அப்படியே வையுங்கள். தாளில் இராமேஸ்வரம் என்று இருப்பதைத் தனியே ஒரு குறிப்பாக எழுதுங்கள். தாளையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

மாமாவை அந்த இடத்திலிருந்து எழுப்பிவிடுங்கள். மரியாதையாக, ஆனால் உறுதியாக. அவரைத் தனியே உட்காரவைத்துக் கேளுங்கள்; அவருக்கும் சொல்ல நிறைய இருக்கும், திருத்திக்கொண்டே இருப்பதற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்கும். ஆண்கள் இருக்கும் இடத்தில் தோட்டத்துப் பெண்கள் பேச்சை விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். கொழுந்து மலையில் நாள் முழுவதும் நின்றது பெரும்பாலும் பெண்கள். அப்படியிருந்தும் தோட்ட வரலாறு என்று நாம் எழுதிவைத்திருப்பதில் தொழிற்சங்கத் தலைவர்களும் துரைமார்களும் நிறைந்திருக்கிறார்கள். எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. மலையகத்து எழுத்தாளர் ஸி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தோட்டத்துப் பாடல்களைத் தேடித்தேடிச் சேர்த்து வைக்காமல் போயிருந்தால், அந்தப் பெண்களின் குரல் இவ்வளவுகூட நமக்கு வந்திருக்காது.

ஒரு யோசனை. பதிவு செய்யும்போது பக்கத்தில் ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சேரம்பாடிப் பக்கம் ஒரு மூதாட்டியிடம் எப்படிப் பறிப்பீர்கள் என்று கேட்டேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கைகளும் போர்வையின் ஓரத்தில் இறங்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் படபடவென்று கிள்ளத் தொடங்கின. உள்ளங்கை நிறைந்ததும் இரண்டு கைகளும் ஒன்றாகத் தோளுக்கு மேலே போய் முதுகுக்குப் பின்னால் விரிந்தன. கூடை இல்லாத முதுகு. ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகியும் கழுத்து தானாக முன்னே சாய்ந்து கொடுத்தது. ஒலிப்பதிவில் அந்த நேரம் முழுவதும் வெறும் துணி உரசும் சத்தம்தான் இருக்கிறது. இதை எழுதி வைத்தால்தான் உண்டு. முடிந்தால், அம்மாயி அனுமதித்தால், கைகளை மட்டும் வீடியோ எடுங்கள்.

அழுகையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பதிவை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அம்மாயி. அடுத்த முறை கேளுங்கள்: நிறுத்தட்டுமா, சொல்கிறீர்களா? வேண்டாம் என்றால் உடனே நிறுத்திவிட்டுத் தேநீர் போடுங்கள். சொல்கிறேன் என்றால் உங்கள் கண் கலங்கினாலும் உட்கார்ந்திருங்கள். செவிலியரான உங்களுக்கு இது என்னைவிடத் தெரியும். அந்தக் குழந்தையைப் பற்றி உலகத்தில் கேட்க மீதி இருக்கும் ஆள் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். ஆனால் தோண்டிக் கேட்காதீர்கள்.

பொதுவில் வைக்கும் முன் முழுப் பதிவையும் அம்மாயிக்குப் போட்டுக் காட்டுங்கள். எந்த இடம் வெளியே போகலாம், எது வீட்டோடு இருக்க வேண்டும் என்று அவர் சொல்லட்டும். 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்து இன்னும் குடியுரிமைக்குக் காத்திருக்கும் உறவினர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்களுடைய தாள்கள், வந்த வழி பற்றிய பேச்சை ஒருபோதும் வெளியிடாதீர்கள். வரலாற்றுக்காக உயிரோடு இருப்பவரை வம்பில் மாட்டிவிடக் கூடாது.

சேர்ப்பதற்கு இடம் உண்டு. 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற நிறுவனம் ஈழத்து, மலையகத்து ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவருகிறது, வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறது. அவர்களுக்கு எழுதுங்கள். கைபேசியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் இன்னும் இரண்டு இடத்தில் படியெடுத்து வையுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, இடம், பேசுபவரின் பெயர், ஊர், தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர் ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால் நடுவில் அழைப்பு வராது.

அம்மாயியோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதுதான் உங்களிடம் என் வேண்டுகோள். உங்கள் அரசுத் தோட்டங்களை நடத்தும் தேயிலைக் கழகத்தின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தர 2022-இல் அரசு ஆணையிட்டது. ஓய்வு பெற்றவர்கள் குடியிருப்பைவிட்டுப் போக வேண்டிய நெருக்கடியும் இருக்கிறது. ஒரே தோட்டத்திலிருந்து வந்து ஒரே லயத்தில் குடியிருக்கும் நான்கு கிழவிகள் சேர்ந்து உட்கார்ந்தால், ஒருத்தி மறந்ததை இன்னொருத்தி எடுத்துக் கொடுப்பாள். அவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டால் அந்தப் பேச்சு பிறகு நடக்காது. அடுத்த விடுமுறையில் அம்மாயியின் தோழிகளையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். ஆனி மாதத்துக்கு முன்னால் போய்விடுங்கள். பந்தலூர் மழை தகரக் கூரையில் இறங்கத் தொடங்கிவிட்டால் உங்கள் கைபேசியில் வேறு எதுவும் கேட்காது.