செக் இன்ஜின் லைட்ட அழிச்சா ரிப்பேர் ஆயிடுச்சுன்னு அர்த்தமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், நான் டெக்சாஸ்ல கேட்டின்ற ஊர்ல இருக்கேன். 2022 மாடல் வி8 பிக்கப், 48,000 மைல் ஓடிருக்கு. மூணு மாசம் முன்னாடி செக் இன்ஜின் லைட் வந்துச்சு, டீலர்கிட்ட விட்டேன், கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறு நம்பர, அதான் கோடுன்னு சொல்வாங்களே, அத அழிச்சிட்டு சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிட்டோம் நார்மல்தான்னு குடுத்துட்டாங்க. ரெண்டே வாரத்துல திரும்ப வந்துச்சு, திரும்ப அழிச்சாங்க. அப்புறம் காலைல ஸ்டார்ட் பண்ணா கீழருந்து டக்டக்னு சத்தம். போன வாரம் ஹைவேல 70 மைல் ஸ்பீடுல போறப்ப பவர் அப்படியே போயிடுச்சு, பின்சீட்ல பசங்க, எப்படியோ ஓரம் கட்டிட்டேன். இப்ப இன்ஜினே போச்சுங்கறாங்க, ஆயில் டீலர்கிட்ட மாத்தாம வெளிய மாத்தினதால வாரண்டி கிடையாதுன்னும் சொல்றாங்க. என்ன பண்றது?
வாசகர், டெக்சாஸ்

பதில்: தம்பி, முதல்ல நீங்களும் பசங்களும் நல்லபடியா இறங்கினீங்களே, அது போதும்.

அந்த மஞ்ச லைட்டு என்ன சொல்லுது, என்ன சொல்லாதுன்னு புரிஞ்சுக்கணும். 1996 மாடல்லருந்து அமெரிக்காவுல விக்கிற எல்லா காரு, பிக்கப்புக்கும் ஓபிடி-2ங்கற, வண்டியே தன் கோளாற கண்டுபிடிச்சு கோடா பதிவு பண்ற அமைப்பு கட்டாயம், அது பிரதானமா புகை சம்பந்தப்பட்ட கோளாறையும் சென்சார் கோளாறையும்தான் பார்க்கும். இன்ஜினுக்குள்ள சுத்தற கிராங்க் தண்ட தாங்கற பேரிங் தேயறத நேரா பார்க்கிற சென்சார் அதுல இல்ல, பேரிங் கெட்டு அதோட பாதிப்பு வேற எங்கயாவது தெரிஞ்சாத்தான் லைட்டு எரியும், சில வண்டில அதுவும் எரியாமலே இன்ஜின் போயிடும். அதனால அழிச்ச ரெண்டே வாரத்துல லைட்டு திரும்ப வந்த வண்டில கோட மட்டும் அழிச்சு குடுத்தது ரொம்ப தப்பு. கோடுங்கறது துப்பு, அத அழிச்சா துப்புதான் போகும், நோவு அங்கயேதான் இருக்கும்.

எந்த கம்பெனி வண்டின்னு நீங்க எழுதல, அதனால உங்களுது எதுல வருதுன்னு நான் சொல்ல முடியாது. ஆனா இந்த மாதிரி பெரிய கேஸ் ஒண்ணு எல்லாருக்கும் தெரியணும். 2025 ஏப்ரல்ல ஜெனரல் மோட்டார்ஸ் 6.2 லிட்டர் எல்87 வி8 இன்ஜினுக்கு ரீகால் போட்டாங்க, அதாவது கோளாறு இருக்குன்னு கம்பெனியே வண்டிய திரும்பக் கூப்பிட்டு சரி பண்றது, 2021லருந்து 2024 வரைக்கும் வந்த சில்வராடோ 1500, சியரா 1500, டாஹோ, சபர்பன், யூகான், எஸ்கலேட்னு அமெரிக்காவுல மட்டும் 5,97,000 சொச்சம் வண்டி. காரணம் என்னன்னா பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடுலயும் கிராங்க்ல ஆயில் போற துவாரத்துலயும் தயாரிப்புலயே தங்கிட்ட துகள், அதோட சில கிராங்கோட அளவும் பாலிஷும் சரியில்ல. ஆயில் படலம்தான் அங்க உலோகத்தையும் உலோகத்தையும் பிரிச்சு வெச்சிருக்கு, அது முறிஞ்சா பேரிங் அரைபட்டு, ராடு பிளாக்கையே ஓட்டை போட்டு வெளிய வந்துடும். செக் பண்ணி கெட்டுப்போனதுக்கு இன்ஜின் மாத்தறாங்க, பாஸ் ஆன வண்டிக்கு 0டபிள்யூ-20க்கு பதிலா கெட்டியான 0டபிள்யூ-40 ஆயில்.

இதுல என் மனச உறுத்தறது ஒண்ணு இருக்கு. 2025 ஜனவரில அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு என்.எச்.டி.எஸ்.ஏ. விசாரணை ஆரம்பிச்சப்ப அவங்க கையில நேரா இருந்த புகார் 39தான். கம்பெனி தன்னோட ரெக்கார்ட தோண்டினப்ப சம்பந்தம் இருக்கலாம்னு வந்தது 28,000க்கும் மேல. அத்தன பேரும் டீலர் கவுண்டர்ல அழுதுட்டு வீட்டுக்கு போயிருக்காங்க. அதனால நீங்க இன்னிக்கே என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்துல வண்டியோட அடையாளமான 17 எழுத்து வின் நம்பர போட்டு பாருங்க, டிரைவர் பக்கம் கண்ணாடிக்கு கீழ டேஷ்போர்டுலயே இருக்கும். ரீகால் இருந்தா ரிப்பேர் ஓசி. இல்லன்னாலும் அங்கயே புகார் எழுதுங்க, தேதி, மைல், என்ன சத்தம், எந்த ஸ்பீடு, பின்சீட்ல பசங்க இருந்தத உட்பட எல்லாம்.

வாரண்டி விஷயம். ஆயில் வெளிய மாத்தினதுங்கற ஒரே காரணத்துக்காக வாரண்டி கிடையாதுன்னு சொல்ல முடியாது, 1975ல வந்த மேக்னசன்-மாஸ் சட்டம் அதுக்குத்தான் இருக்கு. ஆயில் வாங்கின ரசீது, பில்டர் ரசீது, மாத்தின தேதியும் மைலும், எதுவா இருந்தாலும் தேடி எடுங்க. முடியாதுன்னு சொல்றத எழுத்துல கேளுங்க. முதல் ரெண்டு தடவ விட்டப்ப குடுத்த சர்வீஸ் ஆர்டர் நகல்ல என்ன கோடுன்னு இருக்கும், அதான் உங்களோட பெரிய சாட்சி. இன்ஜின கழட்டுறதுக்கு முன்னாடி ஆயில் பில்டர வெட்டிப் பார்க்க சொல்லி போட்டோ எடுங்க. நானே ஒரு வண்டில வெட்டிருக்கேன், மடிப்ப விரிச்சு டார்ச் அடிச்சா பொங்கலுக்கு சாணில தூவின ஜிகினா மாதிரி மின்னுச்சு, அதெல்லாம் பேரிங்கோட தோலு.

கேள்வி: பழைய பிக்கப் ஒண்ணு வாங்கப் போறேன், ஸ்கேனர் போட்டா கோடு ஒண்ணுமே இல்ல. நம்பி வாங்கலாமா?
வாசகர், நியூ ஜெர்சி

பதில்: கோடு இல்லன்னா ரெண்டு அர்த்தம், நல்ல வண்டி, இல்ல நேத்து ராத்திரி அழிச்ச வண்டி. ஸ்கேனர்ல ரெடினஸ்னு ஒரு பக்கம் இருக்கும், வண்டி தன்னையே பண்ற சோதனைல எது முடிஞ்சுது, எது முடியலன்னு காட்டும், அதுல நிறைய சோதனை முடியலன்னு காட்டினா சமீபத்துல அழிச்சிருக்காங்க, இல்ல பேட்டரிய கழட்டிருக்காங்க. சாவி ஆன் பண்ணி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அந்த மஞ்ச லைட்டு எரியணும், எரியலன்னா வண்டிய விட்டுட்டு வந்துடுங்க. இன்ஜின் சில்லுனு இருக்கறப்ப நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க, விக்கிறவர் சூடு பண்ணி வெச்சிருக்கக் கூடாது. 2022, 2023 டொயோட்டா டண்ட்ரா பார்க்கறீங்கன்னா, 2024 மே மாசம் லெக்சஸ் எல்எக்ஸ் 600யும் சேர்த்து சுமார் 1,02,000 வண்டிக்கு ரீகால் வந்துது, இன்ஜின கடைஞ்சப்ப வந்த துகள் உள்ளயே தங்கி பேரிங் போச்சு. இன்ஜின் மாத்தின பேப்பர் இருக்கான்னு கேளுங்க.

கேள்வி: அண்ணே, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல காய் லோடு அடிக்கிறேன். பிஎஸ்6 டீசல் பிக்கப்பு. லைட்டு அடிக்கடி வருது, பொகைல வர்ற கரிய பிடிக்கிற டி.பி.எஃப் பில்டர வெட்டி எடுத்துட்டா தொல்ல விட்டுதுன்னு மெக்கானிக் சொல்றாரு.
வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வேணாம்பா. சட்டப்படியும் தப்பு, பொக உன் ஊர்க்காரங்க நெஞ்சுக்குள்ளதான் போகும். நீ பக்கத்து பக்கத்து தோட்டத்துக்கு சின்ன சின்ன டிரிப் அடிக்கிற, ஒவ்வொரு இடத்துலயும் ஆஃப் பண்ற, அதனால பில்டர்ல சேர்ற கரி எரியறதுக்கு தேவையான சூடு வர்றதே இல்ல. வாரத்துல ரெண்டு நாள் திண்டுக்கல் ரோட்டுல நிறுத்தாம ஒரு அரைமணி ஒரே சீரா ஓட்டு, கரி எரியற நேரத்துல ஆஃப் பண்ணாத. இதவிட முக்கியம், ஆயில் அளவு பார்க்கிற கம்பி, அந்த டிப்ஸ்டிக்க உருவிப் பாரு. கரிய எரிக்க நிறைய வண்டில சிலிண்டர்லயே கூடுதலா டீசல் அடிக்கும், பாதில ஆஃப் பண்ணிட்டே இருந்தா அது எரியாம சுவர்ல வழிஞ்சு ஆயில்ல கலந்துடும். ஆயில் குறையாம மார்க்குக்கு மேல ஏறிருந்தா, மூக்குகிட்ட வெச்சா டீசல் வாட அடிச்சா, அன்னிக்கே லோடு ஏத்தாம ஆயில மாத்து, நீர்த்துப்போன ஆயில்ல ஓட்டினா பேரிங்தான் போகும். லைட்டு அப்பவும் வந்தா என்ன கோடுன்னு ஒரு சீட்டுல எழுதி வாங்கிட்டு எனக்கு திரும்ப எழுது, டிப்ஸ்டிக் எங்க நிக்குதுங்கறதையும் சேர்த்து.